வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைக்கு அறிவு வளர்ச்சியும் குறையுமா?

"இரண்டு வயது மகனின் அட்டையில் 'வளர்ச்சி குன்றியுள்ளது' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மூளையும் அப்படித்தான் இருக்குமா? படிப்பு வராதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் மகனுக்குப் படிப்பு வருமா வராதா என்பதை அந்த அட்டையால் சொல்ல முடியாது. குழந்தைகள் பிரிவில் 11 ஆண்டுகள் உயரமும் எடையும் அளந்தவள் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அளவு சரிதானா என்று பாருங்கள். இந்த வயதுக் குழந்தையைப் பலகையில் படுக்கவைத்து அளக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உச்சந்தலை முட்டும்படி தலையைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் முழங்காலை மெல்ல அழுத்திக்கொண்டு கால்பலகையை உள்ளங்காலோடு சேர்த்துத் தள்ள வேண்டும். குழந்தை சும்மா இருக்குமா? முதுகை வில்லாக வளைக்கும், காலை மடக்கிக்கொள்ளும். உங்கள் மகன் வயதுப் பையன் ஒருவனை அழ அழ அளந்தபோது 80.9 செ.மீ. வந்தது. தாய் தோளில் போட்டுத் தட்டித் தூங்கவைத்த பிறகு அளந்தால் 82.3. "அரைமணி நேரத்தில் வளர்ந்துவிட்டானா, அக்கா?" என்று அந்தத் தாய் சிரித்தார்.

உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட அளவுகோலின்படி, 24 மாத ஆண் குழந்தையைப் படுக்கவைத்து அளந்தால் நடு அளவு 87.8 செ.மீ.; 81.7க்குக் கீழே போனால் வளர்ச்சி குன்றியவன். ஆக, அந்தப் பையன் அழும்போது குன்றியவன், தூங்கும்போது இல்லை! பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் நல்ல சூழலில் வளர்ந்த குழந்தைகளை அளந்து உருவாக்கிய அளவுகோல் இது. அதன் கணக்குப்படியே, எந்தக் குறையும் இல்லாத குழந்தைகளிலும் நூற்றுக்கு இரண்டு பேர் கோட்டுக்குக் கீழேதான் இருப்பார்கள். ஒரு வட்டாரத்துக் குழந்தைகள் மொத்தமாக எப்படி இருக்கிறார்கள் என்று அறிய அந்தக் கோடு நன்றாக உதவும். தனி ஒரு குழந்தைக்குத் தீர்ப்பு எழுதுவதற்கு உதவாது.

அதற்காக அட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 2022 மதிப்பீட்டின்படி உலகில் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களில் சுமார் 14.8 கோடிக் குழந்தைகள் இந்த நிலையில் இருக்கிறார்கள். இவர்கள் பேச்சிலும் பிற்காலப் பள்ளித் தேர்வுகளிலும் சராசரியாகப் பின்தங்குகிறார்கள் என்பது பல நாடுகளில் திரும்பத் திரும்பக் கண்டது. ஆனால் குட்டையாக இருப்பது மூளையைக் கெடுப்பதில்லை. கிணறு வற்றினால் தென்னையும் வாடும், வாழையும் வாடும். தென்னை வாடியதால் வாழை வாடியது என்று யாரும் சொல்வதில்லை. கருவிலிருக்கும்போதே தாய்க்குச் சத்துக் குறைவு, எடை குறைந்த பிறப்பு, அடிக்கடி வயிற்றுப்போக்கு, வெளியே தெரியாமல் புண்பட்டுப்போன குடல் என்று எலும்பின் வளர்ச்சியைத் தடுப்பவை எல்லாம் அதே மாதங்களில் மூளையையும் தொடுகின்றன. பிறக்கும்போது பெரியவர்களின் மூளையில் கால்பங்கு அளவே இருக்கும் மூளை, இரண்டு வயதுக்குள் ஏறத்தாழ முக்கால்பங்கைத் தாண்டிவிடுகிறது. நரம்பிழைகளுக்கு உறை போடுவதற்கு இரும்புச்சத்து தேவை. கருவிலேயே அயோடின் போதாமல் போனால் ஏற்படும் இழப்பைப் பிறகு ஈடுகட்டுவது கடினம்.

அறிவு வளர்ச்சி பின்தங்க இன்னொரு வழியும் உண்டு. இதைத்தான் நான் கண்ணால் அதிகம் பார்த்தேன். அடிக்கடி நோயில் விழும் குழந்தை தவழ்ந்து போய் எதையும் இழுத்துப் போடாது, தொந்தரவு செய்யாது. உருவமும் சிறியது என்பதால் வீட்டில் எல்லோரும் அதை வயதுக்குக் குறைந்த குழந்தையாகவே நடத்துவார்கள். இடுப்பைவிட்டு இறக்க மாட்டார்கள், பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். 22 மாதப் பையன் ஒருவனிடம் மூடி போட்ட டப்பாவுக்குள் கரண்டியைப் போட்டுக் கொடுத்தேன். "அவனுக்கு இதெல்லாம் புரியாது அக்கா, சின்னப் பையன்" என்றார் தாய். அவன் டப்பாவை ஆட்டிச் சத்தம் கேட்டான், மூடியைப் பல்லால் கடித்தான், தரையில் தட்டினான், கடைசியில் திறந்து கரண்டியை எடுத்து என்னிடம் நீட்டினான். மறுபடி போட்டு மூடித் தரச் சொல்கிறான்!

இது ஏதோ என் அனுபவம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஜமைக்காவின் கிங்ஸ்டனில் 1986-87இல் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை, 9 முதல் 24 மாத வயதில், நான்கு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வாரம் ஒரு கிலோ பால்மாவு. இன்னொரு பிரிவின் வீட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம் சுகாதாரப் பணியாளர் ஒருவர் போய், கழிவுப் பொருள்களில் செய்த பொம்மைகளை வைத்து, குழந்தையோடு எப்படி விளையாடுவது என்று தாய்க்குக் காட்டிக் கொடுத்தார். மூன்றாவது பிரிவுக்கு இரண்டும். நான்காவதற்கு எதுவும் இல்லை. ஆய்வாளர் சாலி கிரந்தம்-மெக்ரெகர் குழுவினர் இதை இரண்டு ஆண்டுகள் நடத்தினார்கள். முடிவில் பாலுக்கும் பலன் தெரிந்தது, விளையாட்டுக்கும் தெரிந்தது. விளையாட்டால் உயரம் கூடவில்லை. ஆனால் அறிவுத்திறன் கூடியது. பால்மாவால் வந்த அறிவுப் பலன் வளர வளர மங்கிவிட்டது. விளையாட்டால் வந்தது நிலைத்தது. 22 வயதில் விளையாட்டு கிடைத்த இரண்டு பிரிவினரின் வருமானம், அது கிடைக்காத இரண்டு பிரிவினரைவிட 25 சதவீதம் அதிகம் என்று 2014இல் எழுதினார்கள். உயரம் குன்றாத குழந்தைகளாக இருந்து வளர்ந்தவர்களை அவர்கள் வருமானத்தில் எட்டிப்பிடித்திருந்தார்கள்.

அப்படியானால் சாப்பாடு முக்கியமில்லையா என்று கேட்காதீர்கள். குவாதமாலாவில் 1969 முதல் 1977 வரை நான்கு கிராமங்களில் நடந்த ஆய்வில், புரதம் நிறைந்த கஞ்சியை முதல் இரண்டு வயதில் குடித்த ஆண்கள் பெரியவர்களானதும், அந்த வயதில் அது கிடைக்காதவர்களைவிட மணிக்கு 46 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். மூன்று வயதுக்குப் பிறகு குடித்தவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை. (பெண்களின் கூலி உயரவில்லை, அது கஞ்சியின் குற்றமா என்பது வேறு விவாதம்.) காலம் முக்கியம் என்பதே இதில் நான் எடுத்துக்கொள்வது. உங்கள் மகனுக்கு வயது இரண்டுதான்.

செய்ய வேண்டியவை: ரத்தசோகை இருக்கிறதா என்று பரிசோதியுங்கள். காது சரியாகக் கேட்கிறதா என்றும் பாருங்கள், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். அடிக்கடி வயிற்றுப்போக்கு இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். உயரத்தைக் கூட்டும் என்று விற்கப்படும் மாவுகளை நம்பி வாயில் திணிக்காதீர்கள். திணிப்பதால் சாப்பாட்டின் மேல் வெறுப்புதான் மிஞ்சும். அவன் கையைக் காட்டும் பொருளுக்குப் பெயர் சொல்லுங்கள், அவன் எழுப்பும் சத்தத்துக்குப் பதில் கொடுங்கள், தரையில் விடுங்கள்.

மூன்று மாதம் கழித்து அதே பலகையில் மறுபடி அளக்கச் சொல்லுங்கள். நின்று அளந்தால் 0.7 செ.மீ. குறைத்துக் காட்டும் என்பதால் இரண்டையும் கலந்து ஒப்பிட வேண்டாம். ஒற்றைப் புள்ளியைவிட இரண்டு புள்ளிகளுக்கு நடுவே கோடு எந்தப் பக்கம் போகிறது என்பதே எனக்குச் செய்தி சொல்லும். இதற்கிடையே பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, எதையும் சுட்டிக் காட்டவில்லை, இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசவில்லை என்றால் மூன்று மாதம் காத்திருக்காதீர்கள். உயரம் எவ்வளவு இருந்தாலும் வளர்ச்சி மதிப்பீட்டுக்கு அழைத்துப் போங்கள்.