ரேஷன் பாமாயில்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

உலகமயமாக்கல் நம் உடல்நலத்தைக் கெடுத்தது என்று எழுதுகிறீர்கள். மிகையாகத் தெரிகிறது. வாயைக் கட்டுவது அவரவர் பொறுப்பு. எங்கள் வீட்டில் நான்கு பெரியவர்கள். ரேஷன் பாமாயிலை நிறுத்திவிட்டுச் செக்கு எண்ணெய்க்கு மாறிவிட்டோம். இது போதாதா?

க., ஈரோடு

அன்புள்ள க.,

வாயைக் கட்டலாம். ஆனால் எந்த எண்ணெய் மலிவாகக் கிடைக்கும் என்பது உங்கள் கையில் இல்லை. 1994இல் பாமாயில் இறக்குமதியைத் தனியாருக்குத் திறந்துவிட்டார்கள். அப்போது 65 சதவீதமாக இருந்த தீர்வை 1998இல் 15 ஆகிவிட்டது. ஒரு ஹெக்டேர் எண்ணெய்ப்பனை தரும் எண்ணெயில் மூன்றில் ஒரு பங்குகூட நிலக்கடலை தராது. இந்தோனேசிய, மலேசியச் சரக்கோடு நம் கடலை விவசாயி எந்த விலையில் மோதுவார்? பஜ்ஜிக்கடை வாணலிக்கும் பிஸ்கட் ஆலைக்கும் பாமாயில் வந்தது இப்படித்தான்.

உங்கள் வீட்டுக் கணக்குக்கு வருவோம். ஒருவருக்கு நாளொன்றுக்கு 27 கிராம் எண்ணெய், நெய் போதும் என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். நான்கு பேருக்கு மாதம் சுமார் மூன்றரை லிட்டர். கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டும் நிறைவுற்ற கொழுப்பு பாமாயிலில் 40 சதவீதத்துக்கு மேல். கடலை எண்ணெயில் 20க்குள், நல்லெண்ணெயில் சுமார் 15. ரேஷன் பாமாயில் ஒரு லிட்டர், மீதி கடலை எண்ணெய் என்றால் ஒருவருக்கு நாளொன்றுக்கு 7 கிராம் அளவுக்குத்தான் நிறைவுற்ற கொழுப்பு சேரும். 2000 கலோரி உண்பவருக்கு உச்சவரம்பு 22 கிராம். ஆகவே 25 ரூபாய்ப் பாக்கெட்டை விஷமாகப் பார்க்க வேண்டியதில்லை. செக்கில் ஆட்டினாலும் ஆலையில் சுத்திகரித்தாலும் கடலை எண்ணெயின் கொழுப்பு விகிதம் ஏறத்தாழ ஒன்றுதான். செக்குத் தேங்காயெண்ணெய்க்கு மாறியிருந்தால் நிலைமை மோசம். அதில் நிறைவுற்ற கொழுப்பு 90 சதவீதத்தை ஒட்டி வரும்.

நான் அஞ்சுவது கண்ணில் படாத எண்ணெயை. பிஸ்கட் ஆலைக்குப் போகும் பாமாயில் அறை வெப்பத்திலேயே பாதி உறைந்து நிற்கும். அதனால் ஹைட்ரஜனேற்றம் (ஹைட்ரஜன் சேர்த்து எண்ணெயை இறுக்குவது) செய்யாமலே பிஸ்கட்டுக்கும் கேக் க்ரீமுக்கும் கெட்டித்தன்மை கிடைத்துவிடுகிறது. அரைகுறை ஹைட்ரஜனேற்றத்தில் உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பின் வரம்பு 2022 ஜனவரியில் 2 சதவீதமானது, நல்ல சட்டம்தான். ஆனால் உறையில் ‘டிரான்ஸ் ஃபேட் 0’ என்று கண்டதும் நிம்மதியாகிவிடாதீர்கள். அதை ஒட்டியே ‘சாச்சுரேட்டட் ஃபேட்’, அதாவது நிறைவுற்ற கொழுப்பு என்ற வரி இருக்கும். க்ரீம் பிஸ்கட் 100 கிராமில் அது 10 கிராமை நெருங்கும். உங்கள் சமையலறை எண்ணெய் முழுவதிலும் ஒரு நாளில் சேர்வதைவிட அதிகம்.

கடைப் பலகாரத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது துருவச் சேர்மங்கள், அதாவது எண்ணெய் சிதைந்து உண்டாகும் பொருட்கள் கூடும். அவை 25 சதவீதத்தைத் தாண்டினால் எண்ணெயைக் கொட்டிவிட வேண்டும் என்பது விதி. எண்ணெய் கருத்து, பிசுபிசுத்து, நுரை அடங்காமல் நின்றால் அந்தக் கடையில் வாங்காதீர்கள்.