மைக்ரோவேவ் இல்லாமல் குடும்பச் சமையலறையை ஓட்ட முடியுமா?

கேள்வி: எங்கள் வீட்டில் ஐந்து பேர். மைக்ரோவேவ் பழுதாகிவிட்டது. புதிது வாங்காமலே சமாளிக்க முடியுமா?

முடியும். நாங்களும் ஐந்து பேர்தான், இரண்டு வருடத்துக்கு மேல் சமாளித்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் அதற்கு முன் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் வீட்டில் ராத்திரி கடைசியாகச் சாப்பிடுகிறவர் யார்? அவருக்குச் சூடு பண்ணிக் கொடுக்கிறவர் யார்? இரண்டும் ஒரே ஆள் என்றால் கவலையே இல்லை, கடைப் பக்கமே போக வேண்டாம். வேறு வேறு ஆள் என்றால், கேள்வி கேட்ட நீங்கள்தான் அந்த இரண்டாவது ஆள் என்று வைத்துக்கொள்கிறேன். அதனால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மைக்ரோவேவுக்கு எதிரி இல்லை. கதிர்வீச்சு, புற்றுநோய் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பி விட்டவளும் இல்லை. அது உணவிலிருக்கிற தண்ணீரை ஆட்டி ஆட்டிச் சூடாக்குகிறது, நிறுத்தினால் நின்றுவிடுகிறது, சாப்பாட்டில் எதுவும் தங்குவதில்லை. எங்கள் வீட்டில் அது செய்த ஒரே கெடுதல், ஓடும்போது வைஃபை திக்கும். இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் ஓடுவதால் அப்படி என்று பையன் சொன்னான். கொரோனா சமயத்தில் ஆன்லைன் வகுப்பு நடக்கும்போது யாராவது பால் சூடு பண்ணினால் உள்ளறையிலிருந்து கத்தல் வரும்.

எங்களுடையது 2014 ஆடித் தள்ளுபடியில் வாங்கிய 23 லிட்டர் கன்வெக்‌ஷன். கேக் செய்யப் போகிறேன் என்று சொல்லித்தான் வாங்கினேன். ஒன்பது வருடத்தில் இரண்டு கேக் செய்தேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. நாங்கள் மடிப்பாக்கத்தில் இருக்கிறோம், அந்த வாரம் எப்படி இருந்திருக்கும் என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாலு நாள் கழித்துக் கரண்ட் வந்தது, அதுவும் குதித்துக் குதித்து வந்தது. ஸ்டெபிலைசர் இருந்ததால் ஃபிரிட்ஜ் பிழைத்தது. மைக்ரோவேவில் விளக்கு எரிந்தது, தட்டு சுற்றியது, டிங் என்று மணியும் அடித்தது. உள்ளே வைத்த பால் மட்டும் வைத்தபடியே இருந்தது.

"அவன் போயிட்டானா?" என்று கேட்டார் அத்தை. என் மாமியார். மற்ற நாளில் அதை அவர் 'டிங் பெட்டி' என்றுதான் சொல்வார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவன் என்றார், நக்கலுக்கு.

சர்வீஸ் ஆள் எட்டாம் நாள் வந்தார். பின்பக்கத்தைக் கழற்றாமலே "மேக்னட்ரான் போச்சு மேடம்" என்றார், அதாவது உள்ளே அந்த அலையை உண்டாக்கும் பாகம். 4,800 ரூபாய் ஆகும், அதற்கு இன்னும் கொஞ்சம் போட்டால் புதிதே வாங்கிவிடலாம் என்று ஆலோசனையும் சொன்னார். வந்து போனதற்கு 450 ரூபாய். எந்தக் கம்பெனி என்று எழுதப் போவதில்லை, எல்லாக் கம்பெனி ஆட்களும் இதே வசனத்தைத்தான் சொல்கிறார்கள் என்று என் அக்கம்பக்கத்தார் சாட்சி. பிறகு பையன் அந்த மேக்னட்ரானைத் தேடிப் படித்துவிட்டு வந்து கதை சொன்னான். ரேடாருக்காகச் செய்த சாமானாம். 1945-ல் பெர்சி ஸ்பென்சர் என்ற அமெரிக்கர் அதன் பக்கத்தில் வேலை பார்க்கும்போது சட்டைப் பையிலிருந்த மிட்டாய் உருகிப்போக, அதிலிருந்துதான் இந்த அடுப்பே வந்ததாம். 1947-ல் வந்த முதல் மாடல் ஆளுயரம், கிட்டத்தட்ட 340 கிலோ. "நம்ம ஆட்டுக்கல்லே தேவலாம்" என்றார் அத்தை.

புதிது வாங்குவதை அந்த மாதம் தள்ளிப் போட்டோம். புயலில் ஸ்கூட்டர் முங்கி, அதற்கே செலவு இழுத்துக்கொண்டிருந்தது. அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று போனதுதானே தவிர, கொள்கை முடிவெல்லாம் எதுவும் இல்லை.

பகல் வேளையில் அது இல்லாத குறையே தெரியவில்லை, உண்மையாகச் சொல்கிறேன். இட்லியை மறுபடி இட்லிப் பானையில் ஈரத்துணி மேல் வைத்து ஐந்து நிமிடம் ஆவி காட்டினால் மைக்ரோவேவில் வருவதைவிட நன்றாகவே வரும். அதில் இட்லி முதல் நிமிடம் பஞ்சு, மூன்றாவது நிமிடம் ரப்பர். சப்பாத்திக்குத் தோசைக்கல். அப்பளத்தை இடுக்கியில் பிடித்து நேரே தணலில் காட்டுவது எல்லாரும் செய்வதுதான். சாம்பார் கெட்டிப்பட்டிருந்தால் அரைக் கரண்டி வெந்நீர் விட்டு, அடி கனமான பாத்திரத்தில் சிறு தீயில் வைக்க வேண்டும். ரசத்தைக் கொதிக்க விடாமல், நுரை கட்டினதும் இறக்கிவிட வேண்டும். மோர்க்குழம்பைத் திரும்பக் கொதிக்க வைத்தால் திரிந்துவிடும், அதற்கு வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைப்பதுதான் வழி. கீரையை ஒரு வேளைக்கு மட்டும் செய்கிறேன். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா என்ன.

ராத்திரிதான் பிரச்சினை.

இவருக்கு ஒரகடத்தில் வேலை. இரண்டாவது ஷிஃப்ட் வாரத்தில் கம்பெனி பஸ் இறக்கிவிட்டு வீட்டுக்கு வரும்போது மணி பதினொன்றே முக்கால். முன்பெல்லாம் நான் ஒரு தட்டில் சோறு, ஓரமாகப் பொரியல், கிண்ணத்தில் குழம்பு வைத்து மூடிவிட்டுப் படுத்துவிடுவேன். இவர் வந்து இரண்டு நிமிடம் ஓட்டிச் சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிடுவார். டிங் சத்தம் கனவில் கேட்பதுபோல் கேட்கும், அவ்வளவுதான். எனக்குக் காலை ஐந்து மணிக்கு எழுந்திருக்க வேண்டும்.

அது போன பிறகு முதல் வாரம் நானே எழுந்து சூடு பண்ணினேன். யாரும் எழுப்பவில்லை, நானேதான். சோற்றுக்கு ஒரு பாத்திரம், வத்தக்குழம்புக்கு ஒன்று, பொரியலுக்கு இரும்புச் சட்டி, ரசத்துக்கு ஈயச் சொம்பு. நாலு பாத்திரம், நாலு கரண்டி, அப்புறம் தட்டு. ஒரு ஆள் சாப்பிட ஒன்பது சாமான் தொட்டியில். ஏழாம் நாள் ராத்திரி பன்னிரண்டரைக்கு அந்தச் சட்டியைத் தேய்த்துக்கொண்டே எண்ணினேன். எண்ணியிருக்கக் கூடாது. மறுநாள் காலையில் சொல்லிவிட்டேன், "நான் இனிமே எழுந்திருக்க மாட்டேன், நீங்களே சூடு பண்ணிக்கோங்க."

இவர் சரி என்றார். கெட்ட மனுஷர் இல்லை, சாப்பாட்டில் நொட்டை சொல்லாதவர். ஆனால் அடுப்பு பழக்கமில்லை. முதல் நாள் ரசம் பொங்கி பர்னர் அடைத்துக்கொண்டது. இரண்டாம் நாள் எதற்கு வம்பு என்று ஆறின சோற்றையே சாப்பிட்டிருக்கிறார். அதை அத்தை பார்த்துவிட்டார். மூன்றாம் நாள் நான் தூங்கிக்கொண்டிருக்கும்போது எழுபத்தாறு வயதில், முழங்கால் வலியோடு, அத்தை அடுப்பு முன்னால் நிற்கிறார். "பிள்ள ஆறின சோத்தத் திங்கிறான், நீ தூங்கும்மா" என்றார். அந்தத் தூங்கும்மாவில் என்னென்ன இருந்தது என்று கூட்டுக் குடும்பத்தில் இருப்பவர்களுக்குப் புரியும்.

சண்டை என்று சொல்ல மாட்டேன். இரண்டு நாள் வீட்டில் பாத்திரங்கள் கொஞ்சம் சத்தமாக வைக்கப்பட்டன.

வழி கண்டுபிடித்ததும் அத்தைதான், அதையும் சொல்லத்தான் வேண்டும். "பரண்ல குக்கர் அடுக்கு தூங்குதே" என்றார். என் கல்யாணத்துக்குச் சீராக வந்த ஐந்து லிட்டர் குக்கரோடு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் மூன்று கிண்ணம் வந்தது. நான் அதை ஒழுங்காகப் பயன்படுத்தியதே இல்லை. இப்போது சாப்பிட்டு முடித்ததும் இவர் பங்கை அதிலேயே போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிடுகிறேன். அடியில் சோறு, கைத் தண்ணீர் தெளித்து. நடுவில் குழம்பு. மேலே பொரியல். ரசம் கிடையாது, ரசம் வேண்டுமென்றால் முதல் ஷிஃப்டுக்குப் போகட்டும். இவர் வந்ததும் குக்கரில் இரண்டு தம்ளர் தண்ணீர் விட்டு, அடுக்கை இறக்கி, வெயிட் போடாமல் மூடி, அடுப்பைப் பற்றவைத்துவிட்டுக் குளிக்கப் போகிறார். குளித்துவிட்டு வரும்போது குக்கர் மூக்கில் ஆவி வந்துகொண்டிருக்கும். பன்னிரண்டு நிமிடம். சோறு புதிதாக வடித்ததுபோல் இருக்கிறது, இது மிகை இல்லை. கழுவ மூன்று கிண்ணமும் தட்டும்தான்.

ஒரே ஒரு தடவை குளிக்கப் போகாமல் சோபாவில் உட்கார்ந்து அப்படியே தூங்கிவிட்டார். தண்ணீர் முழுக்க வற்றி, தீய்ந்த வாடையில் பெண்தான் எழுந்து அடுப்பை அணைத்தாள். குக்கர் அடியில் நீலமும் பழுப்புமாக ஒரு வளையம் விழுந்துவிட்டது. புளி போட்டுத் தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. அதற்குப் பிறகு ஃபோனில் அலாரம் வைத்துக்கொள்கிறார். உங்கள் வீட்டில் படுத்ததும் தூங்குகிற ஆசாமி என்றால் இந்த முறையே வேண்டாம், மைக்ரோவேவ் தானாக நின்றுவிடும், காஸ் அடுப்பு நிற்காது. இது பெரிய விஷயம்.

ஆம்பளை சூடு பண்ணிச் சாப்பிடுவதற்கு இவ்வளவு பெரிய கட்டுரையா என்று கேட்பீர்கள். கேளுங்கள். எங்கள் வீட்டில் அதற்கு மூன்று வாரம் ஆனது.

எதில் வைத்துச் சூடு பண்ணினாலும் சோறு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பேசிலஸ் சீரியஸ் என்று ஒரு கிருமி. அதன் வித்து அரிசி கொதிப்பதிலேயே சாகாது. சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் முளைத்து நஞ்சு விடும், அந்த நஞ்சு பிறகு சூடு பண்ணினாலும் போகாது. அதனால் எட்டு மணிக்கு வடித்த சோற்றை ஹாட்பேக்கில் போட்டு நள்ளிரவு வரை வைப்பதை நிறுத்திவிட்டேன். அகலமாகப் பரப்பிச் சீக்கிரம் ஆறவைத்து, ஒன்று ஒன்றரை மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் தள்ளிவிட வேண்டும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் பாலை மைக்ரோவேவில் வைக்கவே கூடாது. ஒரு பக்கம் ஆறியும் ஒரு பக்கம் கொதித்தும் இருக்கும், புட்டியைத் தொட்டால் தெரியாது. வெந்நீரில் புட்டியை நிறுத்துவதுதான் சரி.

மிச்சம் ஆகுமா என்றால் பெரிதாக இல்லை. 1,200 வாட் இழுக்கும் பெட்டி தினம் கால் மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லுக்குப் பதினெட்டு யூனிட். எங்களுக்கு அது 500 யூனிட் கோட்டைத் தாண்டாமல் இருக்க உதவியது, தாண்டினால் கணக்கே வேறு என்பது மின்வாரிய பில் கட்டுகிறவர்களுக்குத் தெரியும். அந்தப் பக்கம் மிச்சமானதை காஸ் கொஞ்சம் தின்றுவிட்டது. நாற்பத்தைந்து நாள் வந்த சிலிண்டர் இப்போது நாற்பத்திரண்டு நாள்.

இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் மாடுலர் கிச்சனில் மைக்ரோவேவுக்கென்றே கண் மட்டத்தில் ஒரு பொந்து விட்டிருக்கிறார்கள். சமையலறையில் இருக்கிற ஒரே 16 ஆம்பியர் பிளக் அதற்குள். கிரைண்டருக்கு? இடமே இல்லை, அது பால்கனியில் மழைச் சாரலில் நிற்கிறது. பாத்திரத் தொட்டியில் ஐந்து லிட்டர் குக்கர் படுக்காது, சாய்த்துப் பிடித்துத்தான் கழுவ வேண்டும். இட்லிப் பானை வைக்க எந்த அலமாரியிலும் உயரம் இல்லை. டிசைன் போட்ட பையனிடம் "தம்பி, வீட்டில் சமையல் யார்?" என்று கேட்டேன். "அம்மா மேடம்" என்றான். அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வந்திருக்கலாம். இப்போது அந்தப் பொந்தில் நார்த்தங்காய் ஜாடியும் அத்தையின் ரேடியோவும் இருக்கின்றன. எண்ணூறு ரூபாய் கொடுத்துப் போட்ட பிளக்கில் ரேடியோ பாடுகிறது.

எனக்கு உண்மையான நஷ்டம் ஒன்றுதான், என் காபி. காலையில் ஒரு வாய் குடித்துவிட்டு டப்பா கட்டப் போனால் திரும்பி வருவதற்குள் ஆறிவிடும். முன்பு முப்பது நொடி. அடுப்பில் வைத்தால் ஆடை படிந்து டிகாக்‌ஷன் கசக்கிறது, ஃபிளாஸ்க்கில் ஊற்றினால் ஃபிளாஸ்க் வாடை. இதற்கு அத்தையிடமும் வழி இல்லை. போன மாதம் திருச்சியில் தங்கை வீட்டில் மூன்று நாள் இருந்தேன். ஒரே காபியை அவள் மைக்ரோவேவில் நாலு தடவை சூடு பண்ணிக் குடித்தேன். "உனக்குத்தான் இது வேண்டாமே, ஊரெல்லாம் பெருமை அடிச்சே?" என்றாள். கதவைத் திறந்து டம்ளரை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்துவிட்டேன்.