வணிகத்தையா எதிர்க்கிறார்கள்?

கேள்வி: தடையற்ற வணிக ஒப்பந்தம் என்று எந்த நாடு பேச்சை எடுத்தாலும் தொழிற்சங்கங்கள் கொடி பிடித்துக் கிளம்பிவிடுகின்றனவே! பொருள்களின் விலை குறைவதும் ஏழை நாட்டுத் தொழிலாளிக்கு வேலை கிடைப்பதும் இவர்களுக்கு ஏன் பொறுக்கவில்லை?

பதில்: ஒன்று விடாமல் எல்லாவற்றையும் எதிர்க்கிறார்கள் என்பதே உண்மையில்லை. அமெரிக்காவின் மிகப் பெரிய சங்கக் கூட்டமைப்பான ஏ.எஃப்.எல்.-சி.ஐ.ஓ., அமெரிக்கா, மெக்சிகோ, கனடா மூன்றும் செய்துகொண்டு 1994 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த தடையற்ற வணிக ஒப்பந்தமான நாஃப்டாவைக் கடுமையாக எதிர்த்தது. நாஃப்டாவுக்குப் பதிலாக வந்த அமெரிக்கா-மெக்சிகோ-கனடா ஒப்பந்தத்தை, கேட்ட திருத்தங்கள் சேர்ந்த பிறகு, 2019 டிசம்பரில் அதே கூட்டமைப்பு ஆதரித்தது. அதே மூன்று நாடுகள், அதே எல்லைகள். நடுவில் என்ன மாறியது என்று நீங்கள் கேட்டிருந்தால் சண்டை எதைப் பற்றியது என்பது புரிந்திருக்கும்.

இந்த ஒப்பந்தங்களைச் சுங்க வரிக் குறைப்பு என்று மட்டும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவற்றில் வரியைவிட அதிக இடம் பிடிப்பது உரிமைகள்: முதலீட்டாளரின் உரிமை, காப்புரிமை வைத்திருப்பவரின் உரிமை. நாஃப்டாவின்படி ஒரு வெளிநாட்டுக் கம்பெனி, தன் முதலீட்டுக்குப் பாதிப்பு வந்துவிட்டது என்று கருதினால், உள்நாட்டு நீதிமன்றப் பக்கமே போகாமல் நேராகச் சர்வதேச நடுவர் குழுவிடம் அந்த அரசின் மீதே வழக்குப் போட முடிந்தது. மெட்டல்கிளாட் என்ற அமெரிக்க நிறுவனம் அப்படித்தான் போட்டது. மெக்சிகோவில் ஆபத்தான கழிவைப் புதைக்கும் கிடங்குக்கு ஒரு நகராட்சி அனுமதி தரவில்லை. 1997-ல் வழக்கு, 2000-ல் தீர்ப்பு, ஏறக்குறைய 1.67 கோடி டாலர் இழப்பீடு.

தொழிலாளிக்கு என்ன கிடைத்தது? நாஃப்டாவோடு ஒட்டவைத்த துணை ஒப்பந்தம் ஒன்று. குழந்தை உழைப்பு, குறைந்தபட்சக் கூலி, பணியிடப் பாதுகாப்பு பற்றிய புகார்கள் மட்டும்தான் அதில் தண்டனை வரைக்கும் போக முடிந்தது. சங்கம் வைக்கும் உரிமை, கூட்டுப் பேரம் (சங்கமாகச் சேர்ந்து கூலி பேசுவது), வேலைநிறுத்தம் ஆகிய மூன்றிலும் புகார் வந்தால் அமைச்சர்கள் கூடிப் பேசலாம், அத்தோடு சரி என்றுதான் இருந்தது. எந்த உரிமை கையில் இருந்தால் மற்ற உரிமைகளைத் தொழிலாளி தானே போராடி வாங்கிக்கொள்வாரோ, அதற்குத்தான் பல் வைக்காமல் விட்டார்கள்.

அப்புறம் வந்த ஒப்பந்தங்களில் தொழிலாளர் அத்தியாயம் உள்ளேயே சேர்க்கப்பட்டது, உண்மைதான். அதன் லட்சணத்தையும் பார்த்துவிட்டோம். மத்திய அமெரிக்க நாடுகளுடனான ஒப்பந்தத்தின்கீழ், குவாதமாலாவில் சங்கம் வைத்தவர்களுக்கு நடக்கும் கொடுமை பற்றி 2008-ல் அமெரிக்கச் சங்கங்களும் குவாதமாலா சங்கங்களும் சேர்ந்து புகார் கொடுத்தன. தீர்ப்பு வர 2017 ஆயிற்று. வேலையை விட்டுத் துரத்தப்பட்டவர்களைத் திரும்ப எடுக்கச் சொன்ன நீதிமன்ற உத்தரவுகள் பல இடங்களில் அமலாகவில்லை என்பதை விசாரித்த நடுவர் குழு ஏற்றுக்கொண்டது. ஆனாலும் அது 'வணிகத்தைப் பாதிக்கும் விதத்தில்' தொடர்ந்து நடந்ததாக நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லிப் புகாரைத் தள்ளிவிட்டது. ஒன்பது வருஷம் காத்திருந்தவர்களுக்கு ஒரு காசுகூட வரவில்லை. கம்பெனிக்கு நான்கு வருஷத்துக்குள் சாதகமான தீர்ப்பு. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகும் சங்கங்களுக்கு ஏன் கோபம் என்று கேட்க எனக்கு வாய் வராது.

இன்னொன்று, இதுதான் கணக்கில் வராமல் போவது. ஆலை உண்மையிலேயே இடம் மாறினால்தான் பாதிப்பு என்று நினைக்க வேண்டாம். 'மாற்றிவிடுவோம்' என்ற சொல்லே போதும். நாஃப்டாவுக்குப் பிறகு அமெரிக்காவில் சங்கம் அமைக்க முயன்ற இடங்களை ஆராய்ந்த கார்னெல் பல்கலைக்கழகத்தின் கேட் பிரான்ஃபென்பிரென்னர், பாதிக்கும் மேற்பட்டவற்றில் முதலாளிகள் ஆலையை மூடிவிடுவதாக மிரட்டினார்கள் என்று கண்டார். மிரட்டிய பலர் மூடவில்லை. மூடாமலே காரியம் நடந்துவிட்டது. கூலி உயர்வு கேட்க வந்தவர் வேலை மிஞ்சினால் போதும் என்று திரும்பிப் போவது எந்த ஏற்றுமதி இறக்குமதிப் புள்ளிவிவரத்தில் ஏறும்?

விலை குறைவதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த லாபம் கோடிக்கணக்கானவர்களுக்குச் சில்லறையாகப் பிரிகிறது, நஷ்டமோ ஓர் ஊரின் தலையில் மொத்தமாக விழுகிறது. இல்லினாய்ஸ் மாநிலத்தின் கேல்ஸ்பர்க்கில் மேடேக் குளிர்பதனப்பெட்டி ஆலை 2004-ல் மூடி, வேலை மெக்சிகோவின் ரெய்னோசாவுக்குப் போனபோது சுமார் 1,600 பேர் வேலை இழந்தார்கள். மலிவான பெட்டியை வாங்கத்தான் அவர்களுக்குச் சம்பளம் இல்லை.

ஏழை நாட்டுத் தொழிலாளி பற்றிய உங்கள் அக்கறை நியாயமானது. அவர்களையே கேட்டுப் பார்க்கலாமே. மெக்சிகோவின் சுயேச்சையான சங்கக் கூட்டமைப்பான எஃப்.ஏ.டி., நாஃப்டாவை எதிர்த்தது, அமெரிக்க மின்துறைத் தொழிலாளர் சங்கத்தோடு கைகோத்தது. 2007-ல் அமெரிக்காவுடனான ஒப்பந்தத்தை எதிர்த்துத் தென்கொரிய உலோகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள். இரண்டு பக்கத்துத் தொழிலாளியும் ஒரே காகிதத்தை எதிர்க்கும்போது, ஒருவர் வேலையை மற்றவர் பொறாமையால் தடுக்கிறார் என்று எப்படிச் சொல்வது?

சங்கங்கள் மீதும் பழி உண்டு. 1980-களில் அமெரிக்கக் கார்த் தொழிலாளர்கள் சிலர் ஜப்பானியக் காரைச் சம்மட்டியால் உடைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். அது வெறுப்பு, அதற்குச் சமாதானம் சொல்ல மாட்டேன். அந்தப் பாஷை இன்றும் சில மேடைகளில் கேட்கிறது, கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அது முதலாளியை விட்டுவிட்டு இன்னொரு தொழிலாளியைத்தான் காட்டிக் கொடுக்கிறது.

சரி, 2019-ல் மாறியது என்ன? ஒரு குறிப்பிட்ட ஆலையில் சங்க உரிமை மறுக்கப்பட்டால், அந்த ஆலையின் பொருள் மீதே நடவடிக்கை எடுக்கக்கூடிய விரைவு முறை ஒன்று ஒப்பந்தத்துக்குள் வந்தது. மெக்சிகோவின் சிலாவோவில் உள்ள ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் 2021 ஏப்ரலில், அங்கே ஏற்கெனவே இருந்த பழைய சங்கம் போட்ட கூலி ஒப்பந்தம் மீது வாக்கெடுப்பு நடந்தது, அந்தச் சங்கத்தின் பொறுப்பில் இருந்த வாக்குச்சீட்டுகள் சில அழிக்கப்பட்டன, மே மாதமே அமெரிக்க அரசு இந்த முறையைக் கையில் எடுத்தது. ஆகஸ்டில் மறுபடி வாக்கெடுப்பு, பழைய ஒப்பந்தம் தோற்றது. 2022 பிப்ரவரியில் சின்ட்டியா என்ற சுயேச்சைச் சங்கம் ஜெயித்தது, மே மாதம் 8.5 சதவீதக் கூலி உயர்வோடு கையெழுத்துப் போட்டது. ஆலை அங்கேயேதான் இருக்கிறது, வண்டிகள் எல்லை தாண்டிப் போய்க்கொண்டுதான் இருக்கின்றன.