அதிகம் படிக்காத அம்மா பிள்ளையிடம் எப்படிப் பாடம் கேட்பது? - ஓய்வுபெற்ற தலைமையாசிரியை பதில்கள்

அரசுப் பள்ளிகளில் 31 வருஷம் வேலை பார்த்தேன். கடைசி 9 வருஷம் திருப்பூர்ப் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியை. பிள்ளை படிக்க வீட்டில் என்ன செய்யலாம் என்று கேட்டவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

டீச்சர், நான் அஞ்சாவதோட நின்னவ. பனியன் கம்பெனியில செக்கிங்ல இருக்கேன். பையன் எட்டாவது, இங்கிலீஷ் மீடியம். அவன் புத்தகத்தைத் திறந்தா எனக்கு ஒண்ணுமே புரியலைங்க. நான் என்னத்த உதவ முடியும்?

புரியாதது உங்களுக்கு ஒரு வசதிங்க. படித்த அம்மாக்கள் பிள்ளை திணறும்போதே விடையை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். உங்களால் அது முடியாது, நல்லதாகப் போச்சு.

ராத்திரி வேலை முடிந்து வந்ததும் அவனைப் புத்தகத்தை மூடச் சொல்லுங்கள். "இன்னிக்கு சயின்ஸ்ல என்ன நடத்துனாங்க, எனக்குப் புரியுற மாதிரி தமிழ்ல சொல்லு" என்று கேளுங்கள். பத்து நிமிஷம் போதும். ஒரே பக்கத்தைப் பத்துத் தடவை வாசிப்பதைவிட, மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எடுத்துச் சொல்வதுதான் மனசில் தங்கும். "தெரியலம்மா" என்று எங்கே நிற்கிறானோ, அந்த வரியில் பென்சிலால் ஒரு கோடு போடட்டும். மறுநாள் அதை ஆசிரியரிடம் காட்டிக் கேட்கட்டும். நாலு நாள் கழித்து அதே பாடத்தை நீங்கள் மறுபடி கேளுங்கள்.

என்னிடம் படித்த ஒரு பையனின் அம்மா முறுக்குச் சுட்டு விற்றவர். இலை வெயிலை வைத்துத் தனக்குச் சாப்பாடு தயாரிக்கிறது என்று பையன் சொன்னதும், "அப்ப ராத்திரிக்கு என்ன பண்ணும்?" என்று கேட்டிருக்கிறார். மறுநாள் காலை மணியடிக்கும் முன்பே அவன் என் மேசை முன்னால் நின்றான். பி.எட். படித்த நான் அந்தக் கேள்வியை வகுப்பில் கேட்டதில்லை.

இன்னொன்று. நம் மாநிலப் பாடத்திட்டத்தில் அறிவியலும் சமூக அறிவியலும் தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டிலும் ஒரே பாடம்தான். போன வருஷம் எட்டாவது முடித்த பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் தமிழ்ப் புத்தகம் இருந்தால் வாங்கி வையுங்கள். அவனுக்கு அது பெரிய துணை.

மக நாலாவது. போர்டுல எழுதிப் போடுறதைத் தப்புத் தப்பா எழுதிட்டு வர்றா. கவனமே இல்லைன்னு மிஸ் சொல்றாங்க.

முதலில் கண்ணைப் பரிசோதியுங்கள். திட்டுவதெல்லாம் அதற்கு அப்புறம்.

பையன் ஆறாவது. வாயால கேட்டா டக்கு டக்குனு சொல்றான். எழுதச் சொன்னா அழறான். இங்கிலீஷ்ல b-யையும் d-யையும் இன்னும் மாத்தித்தான் எழுதுறான். அடிச்சும் பார்த்தாச்சு.

அடியை இன்றோடு நிறுத்துங்கள், அண்ணா. கற்றல் குறைபாடாக இருக்கலாம். உறுதியாகச் சொல்ல வேண்டியவர் மருத்துவர், நான் இல்லை. அவன் சோம்பேறி இல்லை என்பதை மட்டும் நானே சொல்வேன். தலைமையாசிரியரிடம் பேசி, வட்டார வள மையத்தில் (உங்கள் வட்டாரப் பள்ளிகளுக்கு உதவும் கல்வித்துறை மையம்) இருக்கும், இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியரைப் பார்க்கக் கேளுங்கள். மருத்துவச் சான்று கிடைத்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள் போன்ற சலுகைகள் உண்டு. பத்தாவது வந்த பிறகு ஓடி வரும் பெற்றோரைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கிறது.

பத்தாவது பையன். கணக்குக்கு ஒரு டியூஷன், மத்ததுக்கு ஒரு டியூஷன். படுக்க ஒரு மணி ஆகுது, நாலரைக்கு எழுப்பி விடறோம். ஆனாலும் மார்க் ஏறலை.

எப்படி ஏறும்? அந்த வயசுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். நீங்கள் மூன்றரை கொடுக்கிறீர்கள். பகலில் படித்தது மனசில் படிவதே தூக்கத்தில்தான். விடியற்காலையில் படித்தால்தான் ஏறும் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை. சீக்கிரம் படுத்தவனுக்கு அது சரி.

ஒரு டியூஷனை நிறுத்துங்கள். மிச்சமாகும் நேரத்தில் திருத்திக் கொடுத்த கணக்கு விடைத்தாளை எடுத்து, தப்பான கணக்குகளை மட்டும் மறுபடி போடட்டும். வழிமுறை தெரியாமல் விட்டதா, கூட்டல் கழித்தலில் போனதா என்று அவனே பிரித்து எழுதட்டும். இரண்டுக்கும் மருந்து வேறு.

ஃபோன்?

ராத்திரி வீட்டில் எல்லா ஃபோனும் ஒரே அலமாரியில். உங்களுடையதும்தான்.

பெற்றோர் கூட்டத்துக்குப் போனா என்ன கேட்கறதுன்னே தெரியலைங்க மேடம். "எப்படிப் படிக்கறா"ன்னு கேட்டா "பரவாயில்லை"ங்கறாங்க.

நாற்பது பிள்ளைகளை வைத்திருப்பவரிடம் அப்படிக் கேட்டால் அதுதான் பதில். "எந்தப் பாடத்தில் எந்த இடத்தில் தடுமாறுகிறாள்? யார் பக்கத்தில் உட்காருகிறாள்? வாயைத் திறந்து கேள்வி கேட்கிறாளா?" என்று கேட்டுப் பாருங்கள். மகளை நிற்க வைத்து அவள் குறைகளை நீங்களே அடுக்காதீர்கள். அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் சேரப் பாருங்கள். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள். கழிவறையில் தண்ணீர் வரவில்லை என்றால் கேட்க வேண்டிய இடம் அதுதான். அந்தக் காரணத்தாலேயே மாதத்தில் மூன்று நாள் பள்ளிக்கு வராத பெண் பிள்ளைகள் உண்டு.

என் மக எட்டாவது, அரசுப் பள்ளி. நல்லாப் படிப்பா. பத்தோட போதும்னு அவங்கப்பா சொல்றார். செலவுதான் காரணம்.

அவரிடம் பாசத்தைப் பேசாதீங்கம்மா, கணக்கைப் பேசுங்கள். எட்டாவதில் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வு இருக்கிறது. குடும்ப வருமானம் வருஷத்துக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருந்தால் எழுதலாம். தேர்வானால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை வருஷத்துக்கு 12,000 ரூபாய், நாலு வருஷத்தில் 48,000. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000. பத்தோடு நிறுத்தினால் இந்தப் பணத்தில் பெரும்பங்கு கைக்கு வராது. விண்ணப்பத்தைத் தலைமையாசிரியரிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.

டீச்சர், செக்கிங் அம்மா பேசறேன். நேத்தே கேட்டுப் பார்த்தேங்க. எலுமிச்சம்பழத்துல அமிலம் இருக்குன்னான். அப்ப புளியிலன்னு கேட்டேன், முழிக்கறான்.

பென்சில் கோடு போட்டானா?