எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற குளிசையை அக்கா குடிக்கலாமா?

கேள்வி: வணக்கம் டொக்டர். நாங்கள் ஒட்டுசுட்டான் பக்கம். என்ர அக்காவுக்கு 34 வயது, ஒரு பிள்ளை. போன வருசம் மார்கழிப் பனிக்குள்ள விரல் நுனி வெள்ளையாகி, பிறகு நீலமாகி வலிக்கத் தொடங்கினது. இப்ப ரெண்டு கையும் முழங்கைக்கு மேல வரைக்கும் இறுகிப் போச்சு. மோதிரம் கழறேல்லை, முகமும் இழுத்த மாதிரி இருக்கு, கழுத்தடியில வெள்ளைப் புள்ளிகள். யாழ்ப்பாணத்தில கிளினிக்கில இது ஸ்க்லெரோடெர்மா, உங்கட எதிர்ப்புச் சக்தியாலதான் வந்தது எண்டு சொல்லி, அதைக் குறைக்கிற குளிசை தந்தவை. எதிர்ப்புச் சக்தி இருந்தா நல்லதுதானே? அதைக் குறைச்சா வருத்தம் கூடாதோ? அம்மா குளிசையை நிப்பாட்டிப் போட்டு நெல்லிச் சாறும் ஒரு சூரணமும் குடுக்கிறா. சனம் தொத்து வருத்தம் எண்டும் கதைக்குது. என்ன செய்யிறது?

பதில்: தங்கச்சி, குளிசையை நிறுத்தியதுதான் எனக்குப் பெரிய கவலை. அடுத்த கிளினிக் திகதி வரட்டும் என்று இருக்க வேண்டாம். இந்தக் கிழமையே கிளினிக் கொப்பியோடு போய், எத்தனை நாளாகக் குடிக்கவில்லை என்பதை மறைக்காமல் சொல்லி, அவர்கள் சொல்கிறபடி மறுபடி தொடங்குங்கள். யாழ்ப்பாணம் உடனே போக முடியாவிட்டால் முல்லைத்தீவு மாவட்ட வைத்தியசாலையில் காட்டி, அங்கிருந்து கிளினிக்கோடு கதைக்கச் சொல்லிக் கேளுங்கள். ஏன் இவ்வளவு அவசரம் என்பது விளங்கினால் அம்மாவுக்கு நீங்களே எடுத்துச் சொல்லலாம்.

அம்மாவின் பயம் நியாயமானது. கொரோனாக் காலத்தில் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுங்கள் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் அக்காவுடைய எதிர்ப்புச் சக்தி குறைந்ததால் இந்த வருத்தம் வரவில்லை. கிருமியோடு மோத வேண்டிய கலங்கள் அவருடைய சொந்த உடம்போடு மோதுகின்றன. அதுதான் பிரச்சினை. நெல்லிச் சாற்றால் அந்தத் திசையை மாற்ற முடியாது. சாப்பாட்டோடு நெல்லிக்காய் சாப்பிடட்டும், அதில் குற்றமில்லை. என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத சூரணத்தை மட்டும் நிறுத்துங்கள்.

இது தோலில் தெரிகிற வருத்தம், ஆனால் தோலில் தொடங்குவதில்லை. முதலில் அடிபடுவது மிகச் சிறிய இரத்தக் குழாய்களின் உட்சுவர். அடிபட்ட குழாய் குளிர் பட்டதும் இறுக்கமாகச் சுருங்கும். விரல் வெள்ளையாகி, நீலமாகி, பிறகு சிவக்கிறது. ரேனோ என்று இதைச் சொல்வோம். வன்னி வெயிலில் இது எப்படி வரும் என்று கேட்பார்கள். தை மாத விடியற்காலைப் பனியும், ஏசி போட்ட பஸ்ஸும், ஐஸ் பெட்டிக்குள் கைவிட்டு மீன் எடுப்பதும் போதும். தோல் இறுக மாதங்கள், சிலருக்கு வருடங்கள் முன்பே இது வந்துவிடும்.

அப்ப தோல் ஏன் இறுகுகிறது? காயம் ஆறுகிற விதத்தை முதலில் பாருங்கள். எங்கள் பகுதியில் ஷெல் காயத் தழும்போடு வாழ்கிறவர்கள் எத்தனையோ பேர். காயம் பட்ட இடத்தில் வெண்கலங்கள், அதாவது கிருமியோடு மோதுகிற வெள்ளை இரத்தக் கலங்கள், கூடி, சில இரசாயனங்களைச் சுரந்து, தோலுக்குள் இருக்கிற நார் செய்யும் கலங்களை எழுப்பும். அவை கொலாஜன் என்ற நாரைச் செய்து காயத்தை மூடும். வேலை முடிந்ததும் இரசாயனங்கள் வடியும், அந்தக் கலங்களும் பெரும்பாலும் இறந்துபோகும். தழும்பு அந்த அளவோடு நிற்கும்.

அக்காவுக்கு வெளியில் காயம் எதுவும் இல்லை. ஆனால் சேதமான இரத்தக் குழாய்கள் வெண்கலங்களைக் கூப்பிட்டபடியே இருக்கின்றன. வருகிற வெண்கலங்களில் பல வகை உண்டு. அவற்றில் டி கலங்கள் இன்டர்லூகின் 4, இன்டர்லூகின் 13 என்ற இரசாயனங்களைச் சுரக்கின்றன. பி கலங்கள் சொந்த உடம்புக்கு எதிரான பிறபொருளெதிரிகளைச் செய்வதோடு இன்டர்லூகின் 6 என்பதையும் விடுகின்றன. மக்ரோபேஜ் என்கிற கலங்களிடமிருந்து வருவதுதான் எல்லாவற்றிலும் வலுவானது, டிஜிஎப் பீட்டா. இத்தனையும் சேர்ந்து நார் செய்யும் கலங்களை, நாரைச் செய்வதோடு அதை இழுத்துப் பிடிக்கவும் கூடிய கலங்களாக மாற்றிவிடுகின்றன. அவை சாக மறுக்கின்றன, நார் குவிகிறது. தோலிலுள்ள வியர்வைச் சுரப்பியும் மயிர்வேரும் அதற்குள் நெரிந்துபோகின்றன. அதனால்தான் இறுகிய இடத்தில் வியர்க்காது, மயிரும் உதிரும்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்த விசயம் இனித்தான் வருகிறது. நார் குவிந்து தோல் விறைத்த பிறகு, அந்த விறைப்பே நார் செய்யும் கலங்களைத் தூண்டத் தொடங்கும். நாருக்குள் அடைபட்டுக் கிடந்த டிஜிஎப் பீட்டாவும் அந்த இழுவையில் விடுபடும். அந்தக் கட்டத்தில் வெண்கலங்கள் அடங்கினாலும் இறுக்கம் தன்பாட்டில் நடக்கும். வெண்கலங்கள் முன்னுக்கு நிற்கிற முதல் சில வருடங்களில்தான் அவற்றை அடக்குகிற குளிசை நன்றாக வேலை செய்யும். அக்கா இப்போது இருப்பது அந்தக் காலத்தில்தான். சூரணத்தோடு போகிற ஒவ்வொரு மாதமும் அதிலிருந்து கழிகிற மாதம்.

எதிர்ப்புக் கலங்களை அடக்கினால் தோல் இளகும் என்பதை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. ஜப்பானில் 56 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வொன்று 2021 இல் வெளிவந்தது. பி கலங்களை அழிக்கிற ரிட்டுக்சிமாப் ஊசி போட்டவர்களுக்கு 24 கிழமையில் தோல் இறுக்கம் குறைந்திருந்தது, மருந்தில்லாத ஊசி போட்டவர்களுக்குக் கூடியிருந்தது. அக்காவுக்கு அந்த ஊசிதான் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் முதலில் தருவது எதிர்ப்புக் கலங்களை அடக்குகிற மைக்கோபீனோலேட் அல்லது மெத்தோட்ரெக்ஸேட் குளிசை. மெத்தோட்ரெக்ஸேட் என்றால் கிழமைக்கு ஒரு நாள்தான், தினமும் குடித்தால் உயிராபத்து. எதுவானாலும் பலன் தெரிய ஆறு மாதம், சில வேளை அதற்கு மேலும் ஆகும். ஒரு மாதம் குடித்துவிட்டு ஒன்றும் நடக்கவில்லை என்று விட்டுவிடக் கூடாது.

வீட்டில் நீங்களே பார்க்கக் கூடியவை சில உண்டு. அக்காவைக் கும்பிடச் சொல்லுங்கள். இரண்டு உள்ளங்கையும் விரல்களும் இடைவெளி இல்லாமல் ஒட்டுகின்றனவா? விரலின் பின்பக்கத் தோலைக் கிள்ளித் தூக்க முடிகிறதா? வாய்க்குள் மூன்று விரலை நெடுக்காக வைக்க இடம் இருக்கிறதா? மாதம் ஒரு தரம் பார்த்துக் கொப்பியில் எழுதி வையுங்கள். (வெற்றிலை பாக்குப் போடுகிற பழக்கம் இருந்தால் அதையும் டொக்டரிடம் சொல்லுங்கள். பாக்கினாலும் வாய் இறுகும், இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.)

தோலை விட நான் பயப்படுவது உள்ளே நடப்பதற்கு. இதே நார் நுரையீரலிலும் படியும். இந்த வருத்தத்தில் உயிர் போவதற்கு முதற் காரணம் அதுதான். வறட்டு இருமல், படி ஏறினால் மூச்சு வாங்குவது இருந்தால் உடனே சொல்லுங்கள். ஒன்றும் இல்லாவிட்டாலும் நெஞ்சு சிடி ஸ்கானும் மூச்சுப் பரிசோதனையும் செய்திருக்கிறதா என்று கேளுங்கள். அடுத்தது சிறுநீரகம். தோல் வேகமாக இறுகுகிற முதல் வருடங்களில் பிரஷர் திடீரென்று எகிறி, தலையிடித்து, பார்வை மங்கி, சில நாட்களில் சிறுநீரகம் செயலிழக்கலாம். பிரஷரைக் குறைக்கிற கப்டோபிரில் வகை மருந்து வருவதற்கு முன் இதில் தப்பியவர்கள் குறைவு. இப்போது நேரத்தோடு பிடித்தால் காப்பாற்றலாம். அதனால் கிழமைக்கு இரண்டு மூன்று தரமாவது பிரஷர் பார்க்க வேண்டும், கூடியிருந்தால் அன்றைக்கே ஆசுப்பத்திரி. மூட்டு நோவுக்கு பார்மசியில் பிரட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசை வாங்கிக் குடிக்கிற பழக்கம் எங்கள் ஊர்களில் இருக்கிறது. நாளுக்கு 15 மில்லிகிராமுக்கு மேல் போனால் இந்தச் சிறுநீரக ஆபத்து கூடும். அக்காவுக்கு அது வேண்டவே வேண்டாம், கிளினிக்கில் எழுதித் தந்தால் ஒழிய.

தொத்து வருத்தம் என்று கதைக்கிறவர்களிடம் நேராகவே சொல்லுங்கள்: இது தொத்தாது. ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடிக்கலாம், பிள்ளையை மடியில் வைத்திருக்கலாம். கழுத்தடியில் உள்ள உப்பும் மிளகும் தூவினது போன்ற புள்ளிகளைப் பார்த்துக் குட்டம் என்று நினைக்கிறார்கள். குட்டத்தின் திட்டில் உணர்ச்சி குறையும், அக்காவின் புள்ளிகளில் தொட்டாலும் கிள்ளினாலும் தெரியும்.

கை எப்போதும் சூடாக இருக்கட்டும். விடிய எழும்பிக் குளிர்ந்த தண்ணியில் பாத்திரம் கழுவுகிற வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ பூசி விரல்களை மெதுவாக நீட்டி மடக்கட்டும், தினமும். விரல் நுனியில் புண் வந்தால் வீட்டில் வைத்தியம் செய்ய வேண்டாம்.

குளிசை குடிக்கும்போது கிருமித் தொற்று எளிதில் வரும் என்பது உண்மை, அம்மா பயப்பட்டதில் அந்தப் பகுதி சரி. அதற்குத்தான் கிளினிக்கில் அடிக்கடி இரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். காய்ச்சல் வந்தால் பனடோலோடு இரண்டு நாள் பார்ப்போம் என்று இருக்கக் கூடாது, அன்றைக்கே காட்டுங்கள். மழைக்குப் பிறகு எலிக்காய்ச்சலும் டெங்குவும் வருகிற இடம் எங்கள் இடம். காலபோகத்தில் அக்கா வயலில் இறங்காமல் இருப்பது நல்லது. இறங்கித்தான் ஆக வேண்டுமென்றால் பிஎச்ஐயிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம்) எலிக்காய்ச்சலைத் தடுக்கக் குடிக்கிற டொக்ஸிசைக்ளின் பற்றி முன்கூட்டியே கேளுங்கள், இந்தக் குளிசை குடிப்பதையும் சொல்லுங்கள்.

கடைசியாக, அத்தானும் அக்காவும் இருந்து கேட்க வேண்டிய ஒன்று. மைக்கோபீனோலேட், மெத்தோட்ரெக்ஸேட் இரண்டும் வயிற்றிலுள்ள பிள்ளையைப் பாதிக்கும். குளிசை குடிக்கிற காலத்தில் கட்டாயம் குடும்பக் கட்டுப்பாடு வேண்டும். இரண்டாவது பிள்ளை வேண்டுமென்றால் வெட்கப்படாமல் கிளினிக்கில் சொல்லட்டும். குளிசையை மாற்றி, நுரையீரலையும் சிறுநீரகத்தையும் பார்த்து, எப்போது பொருத்தம் என்று அவர்கள் சொல்வார்கள்.