கேள்வி - பதில்: டன் கணக்கில் போட்ட திட்டம்

சோவியத் ஐந்தாண்டுத் திட்டம் என்பது நம்மூர் பட்ஜெட் போலத்தானே? கணக்கை எப்படிப் போட்டார்கள்? – திருச்சி வாசகர்

இல்லை. பட்ஜெட் பணத்தில் ஓடும். அங்கே பணம் பின்னால் வரும், முதலில் டன். 1921-ல் அமைந்த கோஸ்பிளான் என்ற திட்டக் குழு, முக்கியப் பொருள் ஒவ்வொன்றுக்கும் ஒரு இருப்புக் கணக்கு எழுதும். இடப்பக்கம் ஆண்டுத் தொடக்க இருப்பு, உற்பத்தி, இறக்குமதி. வலப்பக்கம் ஆலைகளின் தேவை, கட்டுமானம், ஏற்றுமதி, ஆண்டுக் கடைசி இருப்பு. இரண்டும் சமமாக வேண்டும்.

முதல் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 1928 அக்டோபரில் தொடங்கியது. கச்சா இரும்பு அப்போது ஆண்டுக்கு 33 லட்சம் டன். அதை ஒரு கோடி டன்னாக்குவது இலக்கு. அக்காலத்தில் தாதை உருக்கி இரும்பாக்கும் ஊதுலையில் ஒரு டன் இரும்புக்கு ஏறக்குறைய ஒரு டன் கோக் கரி (நிலக்கரியைக் காற்றுப் படாமல் சுட்டு எடுப்பது) வேண்டும். ஒரு டன் கோக்குக்கு 1.4 டன் நிலக்கரி. ஆக 1.4 கோடி டன் நிலக்கரி. வேகனுக்கு 20 டன் என்று வைத்தால் 7 லட்சம் வேகன் லோடு. தாதும் சுண்ணாம்புக்கல்லும் இதில் சேரவில்லை. வேகனுக்கும் தண்டவாளத்துக்கும் எஃகு வேண்டும், எஃகுக்கு இரும்பு வேண்டும். கணக்கு தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்கும். ஒரு எண்ணை மாற்றினால் சங்கிலி முழுவதையும் திரும்பப் போட வேண்டும். அத்தனையும் மணிச்சட்டத்தில்.

1930-ல் கட்சி மாநாட்டில் ஸ்டாலின் இரும்பு இலக்கை 1.7 கோடி டன் என்று ஏற்றினார். மேலே உள்ள 7 லட்சம் வேகன் லோடு ஏறத்தாழ 12 லட்சமாகிவிட்டது. வேகனோ, பாதையோ, சுரங்கமோ அதற்கேற்ப ஏறவில்லை. அப்படிக் கணக்கு இடிக்கும்போது திட்டக்காரர் செய்யக்கூடியது மூன்றுதான்: உற்பத்தி எண்ணைக் காகிதத்தில் உயர்த்துவது, 'ஒரு டன்னுக்கு இவ்வளவு கரி போதும்' என்று நுகர்வு அளவைக் குறைப்பது, அல்லது யாரோ ஒருவர் பங்கை வெட்டுவது. வெட்டு எப்போதும் துணி, செருப்பு, வீடு ஆகியவற்றின் தலையில் விழுந்தது. 1932-ல் கிடைத்த இரும்பு 62 லட்சம் டன். நான்கு ஆண்டில் ஏறத்தாழ இரட்டிப்பு, எந்த நாட்டுக்கும் பெரிய சாதனைதான். ஆனால் அந்த 1.7 கோடியைத் தாண்டியது 1950-ல். வேகத்தைக் கேள்வி கேட்ட கோஸ்பிளான் பொருளியலாளர் குரோமான் 1931-ல் குற்றவாளிக் கூண்டில் நின்றார். அதன் பிறகு குறைந்த எண்ணைச் சொல்ல எவருக்குத் துணிவு வரும்?

மேக்னிடோகோர்ஸ்க் உலையைக் கடுங்குளிரில் பற்றவைத்தது தவறு என்கிறார்களே, ஏன்? குளிரில் உலை எரியாதா? – சேலம் வாசகர்

எரியும். சிக்கல் நெருப்பில் அல்ல, தண்ணீரில்.

யூரல் மலைப்பகுதியில், மேக்னிட்னயா என்ற இரும்புத் தாது மலையடியில் எழுந்த ஆலை அது. அமெரிக்காவின் கேரி நகர ஆலைதான் மாதிரி; கிளீவ்லாந்தின் மக்கீ நிறுவனம் ஆலோசனை. தாது பக்கத்தில், கரியோ 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் சைபீரியாவின் குஸ்னெட்ஸ்க்கில். போகும் ரயிலில் தாது, வரும் ரயிலில் கரி என்று ஏற்பாடு.

புது உலையை உடனே கொளுத்த முடியாது. உள்ளே கட்டிய தீச்செங்கலிலும் சாந்திலும் ஈரம் இருக்கும். மெல்ல மெல்லச் சூடேற்றி உலர்த்த வேண்டும்; அவசரப்பட்டால் ஈரம் நீராவியாகிச் செங்கலைப் பிளக்கும். பிறகு அடியில் விறகு, மேலே கோக், சுண்ணாம்புக்கல், கொஞ்சம் கொஞ்சமாகத் தாது. சூடான காற்றை உள்ளே செலுத்தும் ஊதுவாய்கள் செம்பாலானவை. சுற்றிலும் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால்தான் உருகாமல் நிற்கும். உறைபனியில் குழாய் வெடித்தாலோ பம்பு நின்றாலோ ஊதுவாய் உருகும், தண்ணீர் உள்ளே இறங்கும், உருகிய இரும்பின் மேல் பட்டால் வெடிக்கும். பயந்து காற்றை நிறுத்தினால் அடியில் இரும்பு கட்டியாக உறைந்துவிடும். அதை எடுக்கத் துளைபோட்டு வெடிவைக்க வேண்டியதுதான்.

இதையெல்லாம் அறிந்த அமெரிக்கப் பொறியாளர்கள் பொறுக்கச் சொன்னார்கள். மாஸ்கோ கேட்கவில்லை. 1932 ஜனவரி 31-ல் பற்றவைத்தார்கள், மறுநாள் இரும்பு வந்தது, தந்தியும் பறந்தது. கொஞ்ச நாளிலேயே பழுதுபார்க்க நிறுத்தினார்கள்.

இத்தனை இயந்திரம் இறக்குமதி செய்ய டாலர் எங்கிருந்து வந்தது? – மதுரை வாசகர்

பெரும்பங்கு தானியம், மரம், எண்ணெய் ஏற்றுமதியில். அருங்காட்சியக ஓவியங்களைக்கூட விற்றார்கள். 1930-31-ல் அமெரிக்க நிதியமைச்சர் ஆண்ட்ரூ மெல்லன் லெனின்கிராடின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்திலிருந்து 21 ஓவியங்களை வாங்கினார். ஆனால் உலகச் சந்தையில் மந்தம் வந்து தானிய விலை சரிந்தது. இயந்திர விலை அந்த அளவுக்கு இறங்கவில்லை. அதே இயந்திரத்துக்குக் கூடுதல் மூட்டை அனுப்ப வேண்டியதாயிற்று. 1930-ல் சுமார் 48 லட்சம் டன், 1931-ல் சுமார் 52 லட்சம் டன் போயிற்று. விவசாயிகளின் நிலத்தையும் மாட்டையும் கட்டாயமாகச் சேர்த்த கூட்டுப்பண்ணையாக்கத்தால் விளைச்சலும் கால்நடையும் சரிந்திருந்த நேரம் அது. 1932-33 பஞ்சத்தில் உக்ரைன், கஜகஸ்தான், வோல்கா பகுதிகளில் பல பத்து லட்சம் பேர் செத்துக்கொண்டிருந்தபோதும் ஏற்றுமதி நிற்கவில்லை, ஆண்டுக்கு 17 லட்சம் டன் அளவில் தொடர்ந்தது. 'தொழில் வளர்ந்ததல்லவா' என்பவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்தே கூட்ட வேண்டும்.

இலக்கை டன்னில் வைத்தால் ஆலைக்காரர் ஏமாற்றுவார் என்று படித்தேன். எப்படி? – கோவை வாசகர்

ஏமாற்ற வேண்டியதில்லை, சொன்னதைச் செய்தாலே போதும். தகட்டுக்கு எடையில் இலக்கு என்றால் தடித்த தகடு வரும், மெல்லியது கேட்பவருக்குக் கிடைக்காது. கண்ணாடிக்குச் சதுர மீட்டரில் இலக்கு என்றால் மெல்லிசாக வந்து வழியிலேயே உடையும். மாதத் திட்டம் முழுவதையும் ஒரே ராட்சத ஆணியாகச் செய்து முடித்த ஆலையைக் கேலி செய்து சோவியத் நகைச்சுவை இதழிலேயே படம் போட்டார்கள். டிராக்டர் ஆலைக்கு முழு டிராக்டர்தான் எண்ணிக்கை. அதனால் உதிரிப்பாகம் செய்ய ஆர்வமில்லை, பண்ணையில் வண்டி பியரிங்குக்காகப் படுத்துக் கிடக்கும்.

ஊக்கத்தொகை 100 சதவீதம் எட்டினால்தான், 99-க்குக் கிடையாது. மூலப்பொருளும் தாமதமாகத்தான் வரும். அதனால் மாதத்தின் முதல் பத்து நாள் ஆலை தூங்கும், கடைசிப் பத்து நாள் இரவு பகலாக ஓடும், பழுதான சரக்கில் பெரும்பகுதி அந்தப் பத்து நாளில் பிறக்கும். சரக்கு வராது என்று தெரிந்த மேலாளர், தேவைக்கு மேல் எழுதிக் கேட்டு வாங்கிப் பதுக்குவார். மற்ற ஊர்களுக்குப் போய் ஆலைகளில் பேசிச் சரக்கைக் கிளப்பிக்கொண்டு வரவே ஓர் ஆளை வைத்திருப்பார். அடுத்த ஆண்டு இலக்கு இந்த ஆண்டு செய்ததன் மேல்தான் ஏறும். எனவே அனுபவசாலி 102 சதவீதத்தில் நிறுத்தி, மிச்சத்தைக் கிடங்கில் வைத்து அடுத்த மாதக் கணக்கில் எழுதுவார்.