கரையில் தங்கும் பணம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கடற்கரைச் சுற்றுலாவால் அந்நியச் செலாவணி குவிகிறது என்கிறார்கள். ஆனால் கரையோரத்தில் பரம்பரையாக வாழ்பவர்கள் பலர் வறுமையில்தானே இருக்கிறார்கள்? அந்தப் பணம் எங்கே போகிறது?

பதில்: பணம் குவிவது உண்மைதான். மாலத்தீவில் முதல் உல்லாச விடுதி 1972இல் திறக்கப்பட்டது. அதுவரை மீன்பிடியையே பெரிதும் நம்பியிருந்த அந்நாட்டுக்கு இன்று சுற்றுலாவே முதன்மையான வருவாய். கடல் பார்க்க வரும் ஒருவருடைய செலவு விடுதியோடு நின்றுவிடுவதில்லை. படகோட்டி, சமையற்காரர், சலவைத் தொழிலாளி எனப் பலருக்கும் அது பிரிந்து செல்கிறது.

ஆனால் பயணி செலவிடும் தொகை முழுவதும் கரைக்கு வந்து சேர்வதில்லை. விமானக் கட்டணம், அறை வாடகை, உணவு எல்லாவற்றையும் சேர்த்து அவர் தம் ஊரிலேயே ஒரு நிறுவனத்திடம் செலுத்திவிட்டுக் கிளம்புகிறார். அந்த நிறுவனமும் விடுதியின் உரிமையாளரும் வெளிநாட்டவர்களாக இருந்து, தட்டில் வைக்கப்படும் மீனும் பழமும்கூட இறக்குமதியாகும்போது, உள்ளூருக்கு மிஞ்சுவது பெரும்பாலும் பருவகாலக் கூலி மட்டுமே. பொருளியலார் இதனைக் ‘கசிவு’ என்பர். இதற்கிடையே நிலத்தின் விலை ஏறிவிடுவதால், படகை ஏற்றி வைக்கவும் வலையை உலர்த்தவும் மீனவருக்கு இருந்த இடமும் கைநழுவுகிறது. எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கை மட்டும் ஆண்டுதோறும் வெளியிட்டு மகிழும் அரசுகள், விடுதிகள் தமக்கு வேண்டிய மீனையும் காய்கறியையும் யாரிடம் வாங்கின என்ற கணக்கையும் கேட்டுப் பெற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: விடுதிகள் கட்டுவதால் கடற்கரை மணல் அரித்துப் போகுமா?

பதில்: கட்டும் இடத்தைப் பொறுத்தது. புயலின்போது மணல்மேடு தன் மணலைக் கடலுக்குக் கொடுத்து அலையின் வேகத்தைத் தணிக்கிறது. கடல் அமைதியான பின் அந்த மணலில் ஒரு பகுதியை அலைகளும் காற்றும் மெல்ல மெல்லத் திரும்பக் கொண்டுவருகின்றன. மேட்டைச் சமன்படுத்தி அதன்மேல் சுவர் எழுப்பினால் இந்தக் கொடுக்கல் வாங்கல் நின்றுவிடுகிறது. சுவரில் மோதித் திரும்பும் அலை அடிமணலையும் வாரிச் செல்கிறது. மெக்சிகோவில் அரசே திட்டமிட்டு 1970களில் உருவாக்கிய கான்கூன் நகரின் விடுதிகள் ஒரு மணல்திட்டின்மீது வரிசையாக எழுந்தவை. 2005இல் வீசிய வில்மா சூறாவளி அக்கரையின் மணலைப் பெருமளவு வாரிக்கொண்டு போனது. கடலடியிலிருந்து மணலை உறிஞ்சி நிரப்பினார்கள். நிரப்பியதும் கரைந்ததால் சில ஆண்டுகளிலேயே மீண்டும் நிரப்ப வேண்டியதாயிற்று.

கேள்வி: கடற்கரையைச் சில காலம் மூடி வைத்தால் அங்குள்ளோரின் பிழைப்பு கெடாதா?

பதில்: கெடும். பிலிப்பைன்ஸின் போராகாய் தீவில் கழிவுநீர் நேரே கடலில் கலந்ததால், 2018 ஏப்ரலில் அத்தீவையே ஆறு மாதங்களுக்கு மூடினார்கள். கழிவைக் கலக்கவிட்டவர்களைவிட, அன்றாடக் கூலியை நம்பியிருந்த தொழிலாளர்களையே அது கடுமையாகப் பாதித்தது. இந்த அநீதியை மறைத்து மூடலைப் புகழ்வது முறையாகாது.

ஆனாலும் மூடியதன் பயனை மறுக்க இயலாது. தாய்லாந்தின் மாயா விரிகுடாவில் நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் வந்திறங்க, படகுகளின் நங்கூரங்கள் பவளப்பாறைகளை உடைத்தன. 2018 ஜூனில் மூடப்பட்ட அவ்விடம் 2022 ஜனவரியில் திறக்கப்படுவதற்குள் பவளத்தை மீண்டும் நட்டார்கள். கருந்துடுப்புச் சுறாக்களும் திரும்பி வந்தன. இப்போது படகுகள் விரிகுடாவுக்குள் நுழையாமல் தீவின் பின்புறமே நிற்கின்றன; ஒரே நேரத்தில் கரையில் இருப்போர் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு.

அந்த வரம்பைத் தொடக்கத்திலேயே விதித்திருந்தால் இத்தனை ஆண்டுகள் மூடியிருக்கத் தேவை வந்திராது. புதிய விடுதிக்கு அனுமதி கேட்டு வரும்போதே, ஊரின் கழிவுநீர் நிலையம் இன்னும் எத்தனை அறைகளைத் தாங்கும் என்று பார்த்து, தாங்காது எனில் நிலையத்தை விரிவாக்கி முடிக்கும் வரை அனுமதியை நிறுத்தி வைப்பதே தொழிலாளிக்கும் கடலுக்கும் குறைந்த இழப்பைத் தரும் வழி.